ஒற்று, ஏழாம் இதழ்

கோத்தகிரி,
14.11.1982

அன்புள்ள றமீஸா ராத்தாவுக்கு,

ராசம்மா எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஒரு வழியாக வந்து சேர்ந்துவிட்டோம். மண்டபம் முகாமில் பதினெட்டு நாள் இருந்தோம். அங்கே எங்கள் தாள்களில் மொத்தம் பதினொரு சீல் குத்தினார்கள். முத்தலிப் நானாவின் அச்சுக் கடையில் நாலு வருடம் சீல் செய்தவள் இல்லையா, மற்றவர்கள் அதிகாரியின் முகத்தைப் பார்த்து நிற்க, நான் சீலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றில் ‘க’ தேய்ந்து போயிருந்தது. இன்னொன்றைத் தலைகீழாகக் குத்திவிட்டு அந்த ஆள் கவனிக்கவே இல்லை. அந்தத் தாளை வைத்துத்தான் நாங்கள் இந்தியர் ஆனோம்.

இங்கே தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அம்மாவுக்குக் கொழுந்து எடுக்க வரவில்லை. குளிரில் விரல் விறைத்துப்போகிறது. எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்கிறார்கள். அங்கே ‘இந்தியாக்காரங்க’ என்றார்கள், பழகிய சங்கதிதான்.

கப்பல் நகர்ந்தபோது எல்லோரும் கரையைப் பார்த்து “போயிட்டு வாறோம்” என்று கத்தினார்கள். கரையில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. அண்ணனைத்தான் மாத்தளை ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டோமே. அவருக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, எங்களுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். ஒரு வயிற்றில் பிறந்தவர்களை எப்படிப் பிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தப் ‘போயிட்டு வாறோம்’ கூச்சலை வைத்து ஒன்று செய்திருக்கிறேன். பழைய செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, மூன்று துண்டாகச் செதுக்கினேன். ‘போ’ ஒன்று, ‘ய்வரு’ ஒன்று, ‘கிறேன்’ ஒன்று. மூன்றையும் சேர்த்துக் குத்தினால் ‘போய்வருகிறேன்’. அதை வரி வரியாகக் கீழே குத்திக்கொண்டு போக வேண்டும். நடுத்துண்டுக்கு மட்டும் திரும்ப மை தொடக் கூடாது. வரிக்கு வரி அது மங்கும். பதினைந்தாவது வரியில் ‘போகிறேன்’ மட்டும்தான் நிற்கும். மூன்று துண்டும் பார்சலில் வருகின்றன. நம் ‘ஒற்று’ ஐந்தாம் இதழுக்குச் சரியா என்று பாருங்கள்.

பார்சலை அண்ணன் பெயருக்கு, அவர் குடியிருக்கும் தோட்டத்து மேற்கணக்கு லயத்து விலாசத்துக்கே போட்டிருக்கிறேன். வேலம்மா அண்ணிக்கு ஒரு சேலையும் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தால் வாப்பா நூறு கேள்வி கேட்பார். அண்ணன் கொண்டுவந்து தருவார். அவருக்கு நான் வெட்டிக் கொடுத்த பெயர்ச் சீலைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா? எழுதத் தெரியாது என்று எல்லா இடத்திலும் பெருவிரலை நீட்டிக்கொண்டிருந்த மனுஷன். ‘மாணிக்கம்’ என்று முதல் தடவை குத்திவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள்,
ராசம்மா


உக்குவளை,
22.1.1983

அன்புத் தங்கை ராசம்மாவுக்கு,

உன் மூன்று செருப்புத் துண்டுகளும் பத்திரமாக வந்தன. ‘போகிறேன்’ என்ற பதினைந்தாவது வரியைக் குத்தும்போது ஒவ்வொரு தாளிலும் எனக்குக் கை நின்றுவிடுகிறது. தொண்ணூறு பிரதி. ஸ்டென்சிலில் அடிக்க வேண்டிய பக்கங்களைப் பள்ளிக்கூட ரோணியோ யந்திரத்தில் அடித்துவிட்டேன், அதிபர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சீல் பக்கங்கள் எல்லாம் கையால்தான். நீ பழக்கிய மாதிரியே, நேராகப் பிடித்து, நான்கு மூலைக்கும் ஒரே பாரம் கொடுத்து, எடுக்கும்போது அசையாமல் எடுக்கிறேன்.

சில பிரதிகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போயின. ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: ‘இது கவிதையா, தபாற்கந்தோர் வேலையா?’ அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. வாப்பாவும் கேட்டார், “ஒற்று எண்டா என்ன மகள்? இப்பிடியும் ஒரு பேரா புஸ்தகத்துக்கு?” என்று. புள்ளி வைத்த எழுத்து ஒற்று, காயத்தைப் பஞ்சால் தொடுவது ஒற்றுவது, தாளில் சீலைப் பதிப்பதும் ஒற்றுவது என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். “நல்லம், நல்லம். இதால கலியாணம் ஒண்டும் வராது” என்றார்.

போன சனிக்கிழமை அண்ணன் வந்திருந்தார். உங்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். “டீச்சரம்மா, நல்லா இருக்கேன்னு எழுதுங்க. மழைதான் கெடுக்குது, வெட்டின பாலெல்லாம் தண்ணியாப் போவுது. வேலம்மாவும் சொகம். அம்மாவ வெறகு தூக்க விட வேணாம்னு எழுதுங்க.” பிறகு மடியிலிருந்து சீலை எடுத்தார். வாயால் ஊதினார். மேசையே ஆடும்படி ஓங்கிக் குத்தினார். எப்போதும் போல இடப்பக்கம் சரிந்து, கடைசி ‘ம்’ மேல் புள்ளியே விழவில்லை. மெதுவாகக் குத்தலாமே என்றேன். “மெதுவாக் குத்துனா எம் பேருன்னு எப்பிடித் தெரியும்?” என்று சிரித்தார்.

அடுத்த இதழுக்கு அனுப்பு. அம்மாவுக்கு என் அன்பு.

றமீஸா


உக்குவளை,
9.8.1983

ராசம்மா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் அண்ணியும் உயிரோடு, காயமில்லாமல் இருக்கிறார்கள்.

வானொலியில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மாத்தளையில் தமிழ் ஆட்களின் கடைகள் எரிந்தன. முத்தலிப் நானாவின் கடைக்கு யாரும் நெருப்பு வைக்கவில்லை. பக்கத்துப் புடைவைக் கடைக்கு வைத்தது சுவர் தாண்டி வந்துவிட்டது. எழுத்துப் பெட்டிகள், அச்சு யந்திரம், நீ உட்கார்ந்து வேலை செய்த மேசை, ஒன்றும் மிச்சமில்லை. நானா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

மேற்கணக்கு லயத்துக்கு லொறியில் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாப்பாதான் போனார். காலில் நோவு, தெரியும்தானே, ஊன்றுகோலோடு போய் இருவரையும் அழைத்து வந்தார். நாலு நாள் எங்கள் பின்னறையில் இருந்தார்கள். அண்ணிக்கு முக்காடு போட என்னுடைய துப்பட்டியைக் கொடுத்தேன். அண்ணன் சும்மா இருக்க மாட்டாமல் எங்கள் கிணற்றடிப் பாசியையெல்லாம் சுரண்டிவிட்டார்.

லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவை உடைத்திருக்கிறார்கள், எரிக்கவில்லை. இப்போது திரும்பிப் போய்விட்டார்கள். நீ பயப்பட வேண்டாம். நான் இருக்கிறேன்.

றமீஸா


கோத்தகிரி,
2.10.1983

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் கடிதம் வரும்வரை இருபது நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வந்ததும் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னார்.

‘நான் இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியால்தான் இப்போது மூச்சு விடுகிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. பார்சலில் ஒரு வட்டச் சீல் வருகிறது. பார்வைக்குக் கந்தோர் சீல் போலவே இருக்கும். சுற்றி ஓடும் எழுத்து ‘யாருடைய ஆள் யாருடைய ஆள் யாருடைய ஆள்’. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிக்க முடியாதபடி இடைவெளியைச் சமன் பண்ணியிருக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லை, அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தில் வெறும் தாள். ஒரு மாதம் வெட்டினேன். ஏழாம் இதழின் அட்டையில் அது மட்டும் இருக்கட்டும், வேறு ஒரு சொல்லும் வேண்டாம்.

வழக்கம் போல அண்ணன் பெயருக்கே அனுப்பியிருக்கிறேன்.

ராசம்மா


உக்குவளை,
18.2.1984

அன்புத் தங்கை,

ஏழாம் இதழ் முடிந்தது. உன் வட்டச் சீல் வந்தது. இதைப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே. காலம் நல்லதில்லை. பிறகு, இதைப் போடாவிட்டால் ‘ஒற்று’ எதற்கு என்று தோன்றியது. தொண்ணூற்றிரண்டு பிரதி. அனுப்பியவர் இடத்தில் பள்ளிக்கூட விலாசம்.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் பதினான்கு போகின்றன. முன்பு ‘தபாற்கந்தோர் வேலையா’ என்று கேட்டாரே, அவருக்கும் ஒன்று.

றமீஸா


உக்குவளை,
11.9.1984

ராசம்மாவுக்கு,

கடிதம் தாமதித்ததற்கு மன்னிக்கவும். பள்ளியில் வேலை அதிகம். ‘ஒற்று’ இப்போதைக்கு நிற்கட்டும் என்று நினைக்கிறேன், கடதாசி கிடைப்பது சிரமம். சீல் ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

அண்ணன் சுகம். வேலை மும்முரத்தில் இங்கே வர நேரமில்லை அவருக்கு. அவருடைய கடிதம் இத்துடன் இருக்கிறது.

றமீஸா


கோத்தகிரி,
3.12.1984

றமீஸா ராத்தாவுக்கு,

அண்ணன் கடுதாசி என்று நீங்கள் வைத்த தாள் இரண்டு மாதமாக என் பெட்டியில் கிடக்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டார். நான் படவில்லை.

அந்தச் சீல் நேராக விழுந்திருக்கிறது ராத்தா. நான்கு மூலையிலும் மை ஒரே அளவு. ‘ம்’ மேல் புள்ளி கடுகு போலத் தெளிவாக இருக்கிறது. எடுக்கும்போது அசையவில்லை. அண்ணன் ஒரு நாளும் அப்படிக் குத்தியதில்லை, குத்தவும் மாட்டார். இப்படிக் குத்தத் தெரிந்த ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவருக்குப் பழக்கிக் கொடுத்ததும் நான்தான்.

அண்ணன் எங்கே?

ராசம்மா


யட்டவத்த,
20.2.1985

ராசம்மா,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். என்னை யட்டவத்தப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

நீ கேட்டது சரி. அந்தச் சீலைக் குத்தியது நான்.

போன வருடம் மே 22, செவ்வாய்க்கிழமை. மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஜீப் வந்து என்னைப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்துக்குப் போன பிரதிகளில் ஒன்றை வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள். அட்டையில் வட்டச் சீல், தபால் உறையில் பள்ளிக்கூட விலாசம். கள்ளப் பத்திரம் அடிக்கும் சீல் என்று நினைத்தார்கள். ‘ஒற்று’ என்றால் என்ன என்று கேட்டார்கள். எழுத்தின் புள்ளி, காயத்தில் பஞ்சு, தாளில் சீல் என்று வாப்பாவிடம் சொன்னதையே சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவரின் கையில் ஒரு அகராதி இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு பொருளும் உண்டு என்றார். வேவு. எனக்கு அது தெரியாதா? தமிழ் ஆசிரியை நான். பெயர் வைத்த அன்று அதை நினைத்துச் சிரித்தவர்கள்தானே நாம் இருவரும்.

சீலை யார் வெட்டியது என்றார்கள். இந்தியாவில் இருக்கும் ஒரு பெண் என்றேன். தூரத்தில் இருப்பவளை ஒன்றும் செய்ய முடியாது, அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்தார். “இந்தியாவிலிருந்து இங்கே எப்படி வந்தது? யார் வாங்கியது?” அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

பகல் முழுவதும் சொல்லவில்லை. பின்னேரம் அஸர் பாங்கு கேட்டது. வாப்பா வெளியே வெயிலில் நிற்பது ஜன்னலால் தெரிந்தது. என்னை விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அப்போது சொன்னேன். மேற்கணக்கு மாணிக்கம் பெயருக்குப் பார்சல் வந்தது என்று.

என்னை யாரும் அடிக்கவில்லை ராசம்மா. கை ஓங்கவும் இல்லை. குடிக்கப் பிளேன்டீ கொடுத்தார்கள். அடித்ததால்தான் சொன்னேன் என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன். அது பொய். பயத்தில் சொன்னேன்.

மறுநாள் காலையில், மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே அண்ணனைப் பிடித்திருக்கிறார்கள். தெற்கே ஒரு முகாமில் வைத்திருப்பதாக மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணியோடு நான் போகாத கந்தோர் இல்லை. கையெழுத்து வாங்காத ஆள் இல்லை. இரண்டு முறை முகாம் வாசல்வரை போனோம், உள்ளே விடவில்லை.

அண்ணிக்கு நடந்ததெல்லாம் தெரியும், முதல் நாளே சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினார். பத்து நாள் கழித்து அவரே வந்தார். செப்டெம்பரில் ஒரு நாள் கையில் அண்ணனின் சீலோடு வந்தார். “டீச்சர், மாமிக்குத் தெரிஞ்சா செத்துப் போகும். அவரு எழுதுற மாதிரி ஒரு கடுதாசி எழுதுங்க” என்றார். எழுதினேன். சரித்துக் குத்த வேண்டும் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அவருடைய கோணலைப் பாவனை பண்ணக் கை வரவில்லை. நேராகக் குத்தினேன்.

மிச்சமிருந்த இதழ்களையும் சீல்களையும் வாப்பா கிணற்றடியில் போட்டு எரித்தார். ரப்பர் புகை இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்தது.

பதில் எழுதுவாயோ தெரியாது.

றமீஸா


கோத்தகிரி,
16.7.1985

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை ஏழு தரம் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ஐந்து மாதம் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுவது ஒரு செய்தி சொல்வதற்கு. அம்மா ஜூன் மாதம் எட்டாம் தேதி இறந்துவிட்டார். நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் கிடைக்கப் பகலாகிவிட்டது.

அண்ணனைப் பற்றி அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஏப்ரலில் படுக்கையில் விழுந்ததும், “மாணிக்கம் கடுதாசி வல்லியா, வல்லியா” என்று நாளுக்கு நாலு தரம் கேட்டார். தாங்கவில்லை. புதுச் செருப்பு ஒன்றை வெட்டி ‘மாணிக்கம்’ என்று செதுக்கினேன். கடுதாசியும் நானே எழுதினேன். இடப்பக்கம் சரித்து, ஓங்கி, புள்ளி விழாமல் குத்தினேன். அம்மா அதன் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, “எம் புள்ள அழுத்தித்தான் குத்துவான்” என்றார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவரோடு சேர்த்தே அதையும் அடக்கம் பண்ணினோம்.

ஆக, நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். உங்களைவிடத் திறமாகவே செய்தேன். இதை எழுதுவதால் உங்கள் பாரம் குறையும் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் குறையவில்லை.

அந்த வட்டத்தை வெட்டியது நான். இங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ‘யாருடைய ஆள்’ என்று கேட்டது நான். பதில் சொல்லப் போனது அண்ணன். அவருக்கு அதில் எழுதியிருந்ததை வாசிக்கவும் தெரியாது. என்னை நான் விட்டுவைக்கவில்லை, அது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அவர் பெயரைச் சொன்னது நீங்கள். நாலு நாள் உங்கள் வீட்டில் தங்கியவர். ‘நான் இருக்கிறேன்’ என்று எனக்கு எழுதியிருந்தீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராசம்மா


யட்டவத்த,
8.2.1986

ராசம்மா,

எழுத வேண்டாம் என்றாய். அண்ணன் வந்துவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

ஜனவரி 27ஆம் தேதி விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இருபது மாதம். அண்ணி ஆள் அனுப்பியதும் போனேன்.

உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. பாதி ஆளாக இருக்கிறார். வலக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, பால் வெட்டும் கத்தி பிடிக்க முடியாது. தோட்டத்தில் புல்லு வெட்டும் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள், அதையும் இடக்கையால்தான் செய்கிறார். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குந்திக்கொண்டு இரண்டு கையையும் தலைமேல் வைத்துவிடுகிறார். முதல் நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்தபோது அப்படி ஆகியிருக்கிறது, நூறு பேர் முன்னால். அதிலிருந்து யாரும் பெயர் சொல்வதில்லை. அண்ணி “இந்தாங்க” என்கிறார்.

நான் செய்ததை என் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்லத் தொடங்கியதுமே கையால் தடுத்தார்.

“தெரியும் டீச்சரம்மா. அங்க வாசிச்சுக் காட்டுனாங்க.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. “நானும் ஒரு பேரு சொன்னேன்” என்றார். “யாருன்னு மட்டும் கேட்டுறாதீங்க.”

கேட்கவில்லை. உனக்கு இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். மறைத்து மறைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று எழுதிவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

றமீஸா


கோத்தகிரி,
30.3.1986

டீச்சருக்கு,

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், உண்மையாகவே தேடினேன். ஒரு நாள் இருக்கும் போலத் தெரிகிறது, மறுநாள் கொழுந்து எடுக்கும்போது அண்ணன் கையை நினைத்தால் போய்விடுகிறது.

ஆனால் எனக்கு அங்கே வேறு ஆள் இல்லை. கப்பலும் ஓடுவதில்லை. விமானத்தில் வர நான் எங்கே போவேன்? அண்ணிக்கு எழுதத் தெரியாது. அதனால் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு தடவை லயத்துக்குப் போய் அண்ணனைப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள். என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார், என்ன பேசினார், அதை மட்டும். உங்கள் மனதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். என்னை விசாரிக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா இறந்தது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணி சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். அவர் பெயரிலும் அவரிடமும் இனி ஒரு பொய்யும் போகக் கூடாது.

ராசம்மா


யட்டவத்த,
25.5.1986

ராசம்மாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏப்ரலில் போனபோது காய்ச்சலாகப் படுத்திருந்தார், அதனால் நீ சொல்லச் சொன்னதை அன்று சொல்லவில்லை.

காய்ச்சல் இல்லை இப்போது. இருமல் இருக்கிறது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கினார். கணக்கப்பிள்ளை இப்போது அவருடைய முறை வந்தால் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்கிறாராம். இந்த மாதம் பதினெட்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறார்.

சொல்லும் முன்பு அண்ணி என்னைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “இப்ப வேணாம் டீச்சர். தீவாளி கழியட்டும்” என்றார். நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அம்மா போன வருடம் ஜூன் எட்டில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். சளி என்றும், நீ பக்கத்திலேயே இருந்தாய் என்றும் சொன்னேன்.

அண்ணன் கையிலிருந்த தகரக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

“நான் கடுதாசி போடலைன்னு கோவமாப் போச்சா?”

“இல்ல. உங்க பேர்ல இரண்டு கடிதம் போனது” என்றேன்.

“யாரு போட்டா?”

“நானும் அண்ணியும் ஒன்று. ராசம்மா ஒன்று.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“என்னா எழுதுனீங்க?”

எனக்கு நான் எழுதியது மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன். மழை குறைந்துவிட்டது என்று எழுதினோம் என்றேன். “ம்” என்றார். காம்பராவுக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று என்று எழுதினோம். “ம்.” வேலம்மா ஒரு கோழி வளர்க்கிறாள் என்று எழுதினோம். அதற்கு அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வருடம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன் என்று எழுதினோம் என்றேன்.

அதற்கு ‘ம்’ சொல்லவில்லை.

“வந்து பாக்குறேன்னா எழுதுனீங்க?”

“ஓம்.”

“அத மட்டும் எழுதியிருக்க வேணாம் டீச்சரம்மா” என்றார். “அம்மா நம்பியிருக்கும்.”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிந்தது. அண்ணி காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார்.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழும்பியதும் அவரும் எழும்பினார். கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்து இடக்கையால் நீட்டினார். வேண்டாம், நனைந்துகொண்டே போவேன் என்றேன். “கொண்டுபோங்க” என்றார்.

அந்த லயத்தில் அவர்களுக்கு இருப்பது ஒரு குடைதான். அடுத்த மாதம் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

றமீஸா